ஜன்னலோர நாற்காலி

பக்கத்து வீட்டுப் பல்செட்டுக்காரர் பதினோரு வருடமாக, "இந்த மாசத்தோட சரி" என்று சொல்லி வேலையை விட்டுக்கொண்டே இருக்கிறார். நான் ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை. ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், அதுவும் கஞ்சன் கட்டிய சுவர். நான் என்ன செய்ய?

அவர் இருப்பது பொய்ப்பல் செய்கிற பட்டறையில். ஆளே இரண்டு பேர்தான்: இவரும், இவருடைய சகலையும். மனைவியின் தங்கை புருஷனாயிற்றே என்று அவனை அங்கே சேர்த்துவிட்டதே இவர்தான். பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் வைத்துத்தான் ஒப்பிட முடியும். அதனால் அங்கிருக்கும் ஒரே ஜன்னலோர நாற்காலி மூத்தவருக்கு என்பது பட்டறை வழக்கம். சகலை உள்ளே விளக்கடியில் மெழுகு உருக்கிக்கொண்டிருப்பான்.

போன வாரம் புது ஆஸ்பத்திரியிலிருந்து இவரைக் கூப்பிட்டார்கள். ஒன்றரை மடங்கு சம்பளம், தனி அறை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் சுவர் பேசியது.

"நான் போயிட்டா அந்த நாற்காலியில யாரு உக்காருவா?"

"யாரோ உக்காரட்டும். தலையில தூக்கிட்டா போகப் போறீங்க?"

"உன் தங்கச்சி புருஷன்தான் உக்காருவான். நேத்து நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள உக்காந்து பார்த்திருக்கான். சீட்டு சூடா இருந்துச்சு."

"அது நீங்க உக்காந்த சூடுங்க!"

"என் சூடு எனக்குத் தெரியாதா? முதல்ல அவன் போகட்டும், அப்புறம் நான் போறேன்."

வெள்ளிக்கிழமை போனில் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதோடு வாயை மூடியிருக்கலாம். "வேற யாராவது இருக்காங்களா?" என்று அவர்கள் கேட்டதும், ஒரேயடியாகக் கவிழ்த்துவிடலாம் என்று, "என் சகலை ஒருத்தன் இருக்கான். மெழுகு வேலை தவிர ஒண்ணும் தெரியாது" என்றிருக்கிறார்.

அவர்கள் தேடிக்கொண்டிருந்ததே மெழுகு வேலை தெரிந்த ஆளைத்தானாம்.

திங்கட்கிழமை மச்சினி வந்து குதித்தாள். "அக்கா, எல்லாம் அத்தான் வாய் முகூர்த்தம்! எங்க வீட்டுக்காரருக்கு ஒதுக்கியிருக்கிற ரூம்ல மூணு பக்கமும் ஜன்னலாம்!"

இப்போது பட்டறையில் இவர் ஒற்றை ஆள். நேற்று அந்த வழியாகப் போனேன், சும்மாதான். சகலையின் நாற்காலியில் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு, ஒரு பல்லை வெளிச்சத்தில் பிடித்தபடி வெறித்துக்கொண்டிருந்தார். யாருக்குக் காட்ட அந்த ஜன்னல்?

ராத்திரி மனைவி கேட்டாள். "இன்னும் எத்தனை நாள்தான் அங்கேயே இருக்கப் போறீங்க?"

"அவன் அங்க எத்தனை நாள் நிக்கிறான்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

"அப்போ உங்க வேலை அவர் கையிலதான் இருக்குன்னு சொல்லுங்க."

விளக்கை அணைக்கிற சத்தம்தான் கேட்டது. சுவரில் காதை வைத்துக்கூடப் பார்த்துவிட்டேன்.