பெருநாட்டு வீரனும் எங்கள் சுவாமித்தட்டும்

எங்கள் குடும்பத்தில் திருட்டுப் பொருள் என்று எதுவும் இருந்ததில்லை. ஆகவே மகள் லக்சாயினி சுவாமிப் படங்கள் வைக்கும் சுவாமித்தட்டிலிருந்த ஒன்றைக் காட்டி, "அப்பா, இது களவுச் சாமானா இருக்கலாம்" என்றபோது நான் சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டேன்.

அவள் காட்டியது வீரன் உருவில் செய்த மண்பாண்டத்தை. முழந்தாளிட்டு, ஒரு கையில் கதாயுதமும் மறுகையில் கேடயமும் பிடித்திருப்பான். என் மனைவி சந்திரமதி பராமரித்த சுவிஸ் மூதாட்டி இறப்பதற்கு முன் அவளுக்குக் கொடுத்த பரிசு அது. கதாயுதம் இருந்ததால் காவல் தெய்வம் என்று நம்பி, சுவிஸில் வில் (Wil) என்னும் நகரத்து எங்கள் வீட்டில் வைரவர் படத்தருகே வைத்து, வெள்ளிதோறும் சந்தனமும் குங்குமமும் பூசிவந்தாள்.

"சூரிச் மியூசியத்திலை இதே மாதிரி ஒண்டு கண்டனான். தென்னமெரிக்காவிலை இருக்கிற பெரு நாட்டுச் சாமான். ஆரோ பழைய சவக்குழியைத் தோண்டி வித்திருப்பினம்" என்றாள் மகள்.

"சவக்குழியோ? அதுக்கோ நான் பூ வைச்சனான்?" என்ற சந்திரமதி, "எண்டாலும் கும்பிட்டதை வெளியிலை விடேலாது" என்றாள்.

"பொலிஸ் வந்து எடுத்துக்கொண்டு போனால் எங்கட பேர் என்னாகும்? நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்றேன்.

கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, பாண்டத்தைத் துவாயில் சுற்றி மடியில் வைத்தபடி சூரிச்சுக்கு ரயிலில் போனேன். தாயும் மகளும் எதிரே இருந்தார்கள்.

அருங்காட்சியகப் பெண் கையுறையோடு அதைத் திருப்பினார். அடிப்பக்கத்தில் மெல்லிய கோட்டோவியம்: ஒருவன் மற்றவனின் தலைமயிரைப் பிடித்திருக்கிறான், தோற்றவனின் ஆயுதங்கள் வென்றவனின் கதாயுதத்தில் தொங்குகின்றன. பிறகு அவருடைய விரல் வீரனின் நெற்றியில் நின்றது.

"இந்தச் சிவப்பு என்ன?"

"எங்கள் வீட்டுப் பூசை" என்றேன். பழுதாக்கிவிட்டீர்கள் என்று சொல்லப்போகிறார் என நினைத்தேன். அவர் படம் எடுத்தார். "இப்போது துடைக்கமாட்டோம். பெருநாட்டவரிடம் கேட்போம்" என்றார்.

கேட்கவேண்டியதை நான் கேட்டேன். "எங்களை எப்படிக் குறிப்பிடுவீர்கள்?"

"தாங்களாகவே கொண்டுவந்து தந்தவர்கள் என்று. யார் பெயரில்?"

சந்திரமதியின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் சரியாகத் திருப்பிச் சொன்னார்.

சில மாதங்களில் தலைநகர் பேர்ணிலிருந்து அழைப்பு வந்தது. பெருநாட்டுத் தூதுவரிடம் பாண்டத்தைக் கையளிக்கும் நாளில் நாங்கள் குடும்பமாக வரவேண்டுமாம்.

"வெறுங்கையோடை போகேலாது. முறுக்குச் சுடுறன்" என்றாள் சந்திரமதி.

"தூதரகத்துக்கு முறுக்கோ, அம்மா?" மகள் சிரித்தாள்.

"அவளைச் சுட விடு பிள்ளை" என்றேன். "எத்தனை பேர் வருவினமோ தெரியாது. கொஞ்சம் கூடவே சுடட்டும்."