கோசலை குறைத்த வானொலி

1

வடை தின்னப் போன இடத்தில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. பாரிசில், ரூ காய் என்ற தெருவில் ஒரு கடைக் கண்ணாடியில் 'வானொலி, தொலைக்காட்சி வரலாறு: மூத்தோருக்கான உரை, தேநீர் உண்டு' என்று ஒட்டியிருந்தார்கள். பேசுகிறவர் தில்லைநாயகி. ஒரு காலத்தில் பாரிஸ் தமிழ் வானொலி ஒன்றில் ஞாயிறுதோறும் நேயர் விருப்பம் நடத்தியவர். (என் பொறாமையை இப்போதே சொல்லிவிடுகிறேன். இத்தனை புத்தகம் எழுதியும் என் பேச்சைக் கேட்க ஒருவரும் சட்டையை அயன் பண்ணிக்கொண்டு வந்ததில்லை.)

2

நூறு வருடங்களுக்கு முன் ஈஃபிள் கோபுரத்திலிருந்து ஒரு மனிதக் குரல் காற்றில்

(வேண்டாம். அதைத் தில்லைநாயகி என்னைவிட நன்றாகவே சொன்னார்.)

கோசலையிலிருந்து தொடங்குவோம். உரை நாளன்று காலை, அதற்குப் போவதற்காக அவள் கணவர் இராஜதுரை தன் சட்டையைத் தானே அயன் பண்ணினார். அயன் பெட்டி எந்த அலுமாரியில் இருக்கிறதென்று அதுவரை அறியாத மனிதர்.

"நானும் வாறன்," என்றாள் கோசலை.

"உனக்கு உது அலுப்படிக்கும்," என்றார்.

அது போதாதா? அவளுக்கு வயிறு எரிந்தது. அடுப்பை நிறுத்திவிட்டுப் போய்ச் சேலை மாற்றினாள்.

3

தில்லைநாயகி கோபுரத்தில் தொடங்கி, கொழும்பு வானொலிக்கு வந்து, தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கடந்து, பாரிசில் தமிழர் நடத்திய வானொலிகளில் வந்து நின்றார். அவர் குரலுக்கு மட்டும் வயது போகவில்லை. கோசலைக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவள் மேடையைப் பார்க்காமல் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

[அடிக்குறிப்பாக வைத்திருக்க வேண்டியது: நேயர் தொலைபேசியில் பேசும்போது வீட்டில் வானொலியும் ஓடினால் குரல் திரும்பி இரையும். ஆகவே அறிவிப்பாளர்கள் முதலில் சொல்வது, 'றேடியோவைக் குறையுங்கோ.' தில்லைநாயகியின் நிகழ்ச்சிக்கு ஞாயிறு தவறாமல் பேசும் இராஜதுரை, தொலைபேசியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். குறைப்பது கோசலையின் வேலை. திரும்பக் கூட்டும்போது பாட்டுத் தொடங்கியிருக்கும். அந்த இருவரும் என்னதான் கதைத்தார்கள் என்பதை அவள் ஒரு ஞாயிறும் கேட்டதில்லை.]

4

"பழைய பதிவு ஒண்டு இருக்கு," என்று தில்லைநாயகி மடிக்கணினியைத் திறந்தார். "இஞ்சை இருக்கிற ஒராளின்ர குரல்."

(ஒரு வரைவில் இராஜதுரை எழுந்து ஓடப் பார்த்தார். அது கள்ளனின் வேலை. அவரைக் கள்ளனாக்க எனக்கு மனம் வரவில்லை, அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் கொலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.)

"வணக்கம், ஆர் கதைக்கிறியள்?"

"லா சப்பலிலையிருந்து இராஜதுரை."

"ஓ, அண்ணையோ. றேடியோவைக் குறையுங்கோ. பாட்டு ஆருக்காக?"

"என்ர மனுசி கோசலைக்கு."

"குடுத்து வைச்ச மனுசி."

பதிவில் இராஜதுரை சிரித்தார். மண்டபம் கைதட்டியது.

இங்கேயே முடித்திருக்கலாம். முதலில் அப்படித்தான் முடித்தேன். சந்தேகம் தீர்ந்து, கோசலை வெட்கப்பட்டு, இருவருமாக ரூ பஜோல் கோயில் பக்கம் நடந்து போனார்கள். ஆனால் உண்மையில் அவள் மனம் குளிர்ந்தது தன் பெயரைக் கேட்ட அந்த ஒரு கணம்தான். அடுத்து வந்த சிரிப்பை அல்லவா அவள் கேட்டாள். வாய்விட்டு, இளந்தாரி மாதிரி ஒரு சிரிப்பு. அப்படி அவர் வீட்டில் ஒருநாளும் சிரித்ததில்லை. பெயர் மட்டும் எனக்கு, சிரிப்பு அவளுக்கா என்று நெஞ்சு கொதித்தது.

"பாத்தியே, உன்ர பேரைத்தான் சொன்னனான்," என்றார் இராஜதுரை. "இப்ப சந்தோசமோ?"

5

அவள் பதிலை எழுதப் பல தரம் உட்கார்ந்தேன். 'ஓம்' என்றால் பொய். 'அப்பிடி ஒருக்கா என்னோடை சிரியுங்கோ' என்று எழுதிப் பார்த்தேன். கேட்டு வாங்குகிற சிரிப்பு அவளுக்கு எதற்கு? பேசாமல் எழுந்து போக வைத்தேன். எங்கே போவாள், வீட்டுச் சாவி அவரிடமல்லவா இருக்கிறது.

இராஜதுரை முகம் மலரக் காத்திருக்கிறார். தில்லைநாயகி இரண்டு கையிலும் தேநீரோடு அவர்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறார். அவர் வந்து சேர்வதற்குள் கோசலை ஏதாவது சொல்லியாக வேண்டும். எனக்கு ஒன்றும் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.