பேப்பர் பிடிக்கிறவன்

அந்தக் குடும்பப் படத்தில் பெரியப்பாவின் மீசையை ஒவ்வொரு முடியாக எண்ணிவிடலாம். அம்மாவின் மூக்குக் கண்ணாடியில் எதிர் ஜன்னல்கூட விழுந்திருந்தது. பின்னால் தனியாக நின்ற நெட்டையன் மட்டும் ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவன்போல் கலங்கிப்போயிருந்தான்.

எடுத்தவள் வேறு யாருமல்ல, அவன் அக்காதான். ஸ்டூடியோ வைத்துப் பதினோரு வருஷம் ஆன கை. சுவரில் காரை உரிந்து அசிங்கமாக இருக்கிறதே, அதை மங்கலாக்கிவிடலாம் என்று லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்துவிட்டாள். அப்படித் திறந்தால் ஒரு வரிசைதான் தெளிவாக விழும் என்பது அவளுக்குத் தெரியாததா? சுவரோடு சேர்த்துத் தம்பியையும் அழித்துவிட்டாள்.

"விடுக்கா, என் மூஞ்சிக்கு இதுவே ஜாஸ்தி. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று சிரித்தான் அவன். நாலாம் மாசம் ஒரு பஸ் கவிழ்ந்தது. அடுத்த தடவை என்பது அதோடு முடிந்தது.

வேறு படமே கிடையாது. அக்காவுக்கு விளக்குத் தூக்கியே காலம் கழித்தவன், கேமரா முன்னால் நிற்கச் சொன்னால் மட்டும் ஓடிவிடுவான்.

"ஏண்டி, போறவன் வர்றவனை எல்லாம் பளிச்சுனு எடுக்கறே. இவனை மட்டும் கொஞ்சம் தெளிவாக்கிக் குடேன்."

"அது என்ன அழுக்காம்மா, தேச்சா போறதுக்கு? விழாதது விழாததுதான்."

"உனக்கு மனசில்லைன்னு சொல்லு."

அந்தச் சொல் அவள் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிட்டது. அன்றிலிருந்து துவாரத்தைப் பதினாறாம் எண்ணுக்குச் சுருக்கியே வைத்தாள். முன்வரிசை செருப்பு முதல் பின்சுவர் விரிசல் வரை எல்லாமே கத்திபோல விழுந்தன. "என்னம்மா, என்னை எடுக்கச் சொன்னா என் பருவை எடுத்து வச்சிருக்கே?" என்று ஒரு மாப்பிள்ளை சண்டைக்கு வந்தான். அவள் காதில் ஏறவில்லை. எவ்வளவு சுருக்கினாலும், தெளிவு முடிகிற இடத்துக்கு ஓரடி பின்னால் யாரோ நிற்பதுபோலவே இருந்தது அவளுக்கு.

ஒருநாள் மதியம், புது ஃபிலிம் மாட்டும்போது கை அப்படியே நின்றது. முதல் படம்! ஒவ்வொரு ஃபிலிமிலும் முதல் படத்தை அவர்கள் வீணாக்குவது வழக்கம். வாடிக்கையாளர் நிற்க வேண்டிய இடத்தில் தம்பி செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவள் அந்த எழுத்தைப் பார்த்து ஃபோகஸ் வைத்து, ஒரு தடவை தட்டிவிடுவாள். அதைப் பிரிண்ட் போட்டதே இல்லை. அவன் போன பிறகு ஒரு ஸ்டாண்டில் கிளிப் போட்டுப் பேப்பரைத் தொங்கவிடுகிறாள்.

தகர டப்பாவிலிருந்து கைக்கு வந்த நெகட்டிவையெல்லாம் அள்ளினாள். இருட்டறைக்குள் போய் முப்பது படம் போட்டாள். முகம், முகம் என்று மட்டுமே தேடினாள். பாவிப்பயல், கூச்சத்தில் எல்லாவற்றிலும் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தான். பேப்பருக்கு மேலே நாலு முடி, கீழே நெட்டைக் கால்கள், இரண்டு பக்கமும் விரல்கள். அவ்வளவுதான்.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அம்மாவிடம் கொடுத்தாள். அம்மாவோ மேஜை முழுக்கப் பரப்பிக்கொண்டாள்.

"இந்தா பாரு சுண்டுவிரல்! கதவுல நசுங்கிக் கோணிப்போச்சே, அதேதான். என்னமா தெளிவா இருக்குடி! பேப்பரைக்கூடப் படிக்கலாம் போல இருக்கே." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். ஏழாவது படத்தில் குரல் இறங்கியது.

"இதுல தேதி பாரு. போன செவ்வாக்கிழமை பேப்பர்டி இது."

அவள் பிடுங்கிப் பார்த்தாள். ஆமாம். அந்தப் பேப்பரைக் கிளிப்பில் மாட்டியது அவள்தான். படத்தில் கிளிப் இல்லை, ஸ்டாண்டும் இல்லை. பக்கத்துக்கு நாலு விரல். வலதில் கடைசி விரல் கோணல்.

அம்மா பயப்படவில்லை. முந்தானையால் படத்தைத் துடைத்தாள். "அங்கேதான் நிக்கறான். நீ சொன்னா கேப்பான். சொல்லிப் பாரேன்."

மறுநாள் காலை, வாடிக்கையாளர் வருமுன், ஸ்டாண்டை வைத்துப் பேப்பரை மாட்டினாள். துவாரம் பதினாறு. எழுத்து தெளியும்வரை வளையத்தைத் திருப்பினாள். பிறகு ஒரு மயிரிழை அதிகம் திருப்பினாள், பேப்பருக்கு ஒரு ஜாண் பின்னால், முகம் இருக்க வேண்டிய இடத்துக்கு.

"டேய் நெட்டை" என்றாள். "பேப்பரை இறக்குடா. இறக்கிட்டு அசையாம நில்லு. அம்மாவுக்குக் குடுக்கணும்."

காற்றே இல்லாத அந்த அறையில், தலைப்புச் செய்தி மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது.