அல்போன்சா டீச்சரின் படகுக்காரிகள்

மூடாத சவப்பெட்டியின் நான்கு மூலைகளிலும் நான்கு பெண்கள் குனிந்து பிடித்தபடி நின்றார்கள். யாரும் தூக்கவில்லை.

"இன்னாம்மா இன்னும்? ஃபாதர் கோயில்ல காத்துக்கினு கீறாரு" என்றார் மாமா, இறந்தவரின் தம்பி.

"டீச்சர் சொன்னாத்தான் அங்கிள் தூக்குவோம். பழகிடுச்சு" என்றாள் நால்வரில் ஒருத்தியான மதுவந்தி.

மகள் பிரிஸில்லா பெட்டிக்குள் பார்த்தாள். அம்மா இப்போதைக்குச் சொல்வதாகத் தெரியவில்லை.

அல்போன்சா விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டில் அடங்கி உட்காருவார் என்று சாந்தோமே எதிர்பார்த்தபோது, அடையாற்றில் துடுப்புப் படகில் ஏறிவிட்டார். இந்த நால்வரும் துடுப்பு வலிப்பார்கள். அல்போன்சா பின்முனையில் அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்து, படகைத் திருப்பி, கட்டளை போடுவார். அவர் 'நிறுத்து' என்றால் திரு.வி.க. பாலத்தின் மேல் பேருந்துகள் நிற்கும். ஒருமுறை முகத்துவாரத்தில் ஏறிவந்த கடலே சற்று நின்று, தன்னையா சொன்னார் என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வந்தது. பட்டினப்பாக்கத்தில் சாட்சி இருக்கிறது.

கரையில் படகைத் தோளில் சுமப்பதும் அவர் குரலுக்குத்தான். "என்னையும் இவளுங்கதான் தூக்கணும்" என்று போன மாதம் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார். நேற்று மாலை போய்விட்டார்.

நால்வரும் தாங்களாகவே தூக்கிப் பார்த்தார்கள். நான்கு மூலையும் நான்கு நேரத்தில் எழுந்தன. பெட்டி சாய்ந்து, அம்மாவின் தலை ஒருபுறம் நகர்ந்தது. இறக்கி வைத்தார்கள்.

"நம்ம கோயில் பங்குல பொம்பளைங்க பெட்டி தூக்கற வழக்கமே இல்ல. வுடுங்க, பசங்கள இட்டாரேன்" என்றார் மாமா.

மதுவந்தி பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

பிரிஸில்லா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். மரியதாஸ் நேற்றிலிருந்து பேசவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச முயன்றதுண்டு, இடம் கிடைத்ததில்லை. ஆனால் விடியலில் மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, கரையில் காப்பி ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்து அத்தனை கட்டளைகளையும் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

மரியதாஸ் எழுந்தார். அல்போன்சாவின் தலையை மெல்ல நேராக்கினார். பிறகு கால்மாட்டுக்குப் போய், நால்வரையும் பார்த்து நின்று தொண்டையைச் செருமினார்.

"கை வை."

நால்வரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு வைத்தார்கள்.

"தூக்கு. தோளுக்கு."

பெட்டி ஒரே அசைவில் எழுந்து தோள்களில் அமர்ந்தது. உள்ளே நிறைகுடம் இருந்திருந்தாலும் தளும்பியிருக்காது.

"இடது. வலது. இடது."

நால்வரும் நடந்தார்கள். மரியதாஸ் அவர்களைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தார்.

"மச்சான், திரும்பி நடங்க. பின்னால படி கீது" என்றார் மாமா.

"மூஞ்சியப் பாத்துதான் சொல்லணும்" என்றார் மரியதாஸ். "இடது. வலது."

வாசல் முழுக்க வந்தவர்களின் செருப்புகள் சிதறிக் கிடந்தன. பிரிஸில்லா ஓடிப்போய், அப்பாவின் முதுகுக்குப் பின்னால் குனிந்து, ஒவ்வொன்றாக ஓரம் தள்ளிக்கொண்டே தெருவில் இறங்கினாள்.