தப்பாகக் கூப்பிட்டால் ஒரு முழம்

அந்த மருத்துவமனையின் வெளிநோயாளிகள் கூடத்தில் யாருடைய பெயரையாவது தப்பாக உச்சரித்துக் கூப்பிட்டால், அவர் இருந்த இடத்திலிருந்து நேராக ஒரு முழம் மேலே எழும்புவார். மறுபடி தப்பினால் இன்னொரு முழம். சரியாகக் கூப்பிட்டதும் மெல்ல இறங்கிவிடுவார். கட்டடம் திறந்த வருடத்திலிருந்தே இப்படித்தான். பொறியாளர்கள் இரண்டு பேர் வந்து மூன்று நாள் அளந்து பார்த்துவிட்டு, காற்றோட்டம் திருப்திகரம் என்று எழுதிக் கொடுத்துப் போனார்கள். கயிறு கட்டி ஆறு பேர் இழுத்தும் பார்த்தாகிவிட்டது. எழும்பியவர் ஒரு விரல்கூட இறங்க மாட்டார், நகரவும் மாட்டார். தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டால் பலிக்காது. அடுத்தவர் சொல்ல வேண்டும், சரியாகச் சொல்ல வேண்டும்.

ஆகவே அங்கே பெயர் கூப்பிடுவது தனி உத்தியோகம். பத்தொன்பது வருடமாக அதைப் பார்த்து வந்தவரை எல்லோரும் சைரன் அக்கா என்றார்கள். குரல் அப்படி. தினமும் காலையில் சீட்டுக் கட்டோடு பெஞ்சு பெஞ்சாக நடப்பார். "வீட்டுல உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க? ஒரு தடவ சொல்லுங்க" என்று கேட்டு, எங்கே நீட்ட வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்று பென்சிலால் குறித்துக்கொள்வார். காகிதத்தில் சாதுவாகக் கிடக்கிற பெயர் வாய்க்குள் போனதும் என்னென்ன சேட்டை செய்யும் என்பது அவருக்கு அத்துப்படி. முக்கால் வரி நீளத்துக்குப் பெயர் வைத்திருந்த ஒரு வக்கீலுக்கு, அதில் பாதி எழுத்துகள் சும்மா உட்கார்ந்திருப்பவை, வாய் திறக்கக் கூடாதவை என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். வக்கீல் அதற்குள் இரண்டு முழம் போயிருந்தார்.

அக்காவுக்கும் ஒரு பெயர் இருந்தது. எங்கேயோ தூரத்து ஊரில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். வேலைக்குச் சேர்ந்த அன்று மேலாளர் பதிவேட்டைப் பார்த்து அந்தப் பெயரை வாசித்தார். அக்கா மதியம் வரை அந்தரத்தில் நின்றார். சாப்பாட்டுடன் வந்த கணவர் அண்ணாந்து பார்த்து, பெயரைச் சொல்லி இறக்கினார். மறுநாளிலிருந்து, "பேரெல்லாம் வேணாம், வாய்க்கு வந்தத வச்சுக் கூப்பிடுங்க" என்று அக்கா சொல்லிவிட்டார். அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர் ஊரில் கணவர் ஒருவர்தான். அவர் போய் ஒன்பது வருடமாகிறது.

அந்தப் புதன்கிழமை அக்கா எக்ஸ்ரே பிரிவுவரை போய்விட்டுத் திரும்பப் பத்து நிமிடம் ஆனது. அதற்குள் பக்கவாட்டுக் கதவு வழியாக, கடைத்தெருவில் பூட்டுகளுக்குச் சாவி செய்கிற ஒரு சாவிக்காரர் வந்து சேர்ந்திருந்தார். தொண்டையில் அறுவை முடிந்து பதினைந்து நாள். கழுத்தில் கட்டு, வாயில் சத்தமில்லை. அட்டெண்டர், அக்காவுக்கு உதவியாக இருக்கட்டுமே என்று சீட்டை எடுத்து, தலையை நிமிர்த்தாமல் அவர் பெயரைக் கூப்பிட்டார். சாவிக்காரர் கையைத் தூக்கினார். பதில் வராததால் அட்டெண்டர் மறுபடியும் கூப்பிட்டார்.

அக்கா வந்து பார்த்தபோது சாவிக்காரரின் செருப்பின் அடிப்பாகம்தான் தெரிந்தது. அவருக்கு நேர் மேலே கூரையில் ஒரு திறப்பு. அதன் கண்ணாடி உடைந்து எட்டு மாதமாகிறது, கண்ணாடிக்காரர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியும் எட்டு மாதமாகிறது. சாவிக்காரரின் உச்சந்தலை அதைத் தாண்டியிருந்தது. கூடத்துக்குள் அசையாத ஆளுக்குக் கூரைக்கு வெளியே அந்தப் பிடிமானம் கிடையாது, காற்று இழுத்துக்கொண்டு போய்விடும். வெளியே மழைக்காற்று வீசத் தொடங்கியிருந்தது. முன்பு இதே மாதிரி ஒரு பொம்மைக் கடைக்காரர் திறப்பு வழியாகப் போனார். மூன்றாம் நாள் அவருடைய துண்டு மட்டும் திரும்பி வந்தது.

"எத்தன தடவ கூப்பிட்ட?"

"ஆறு."

"ஆறு தடவையும் தலைய நிமித்தவே இல்லையா?"

"யாரும் பதில் சொல்லலியேக்கா. ஆள் வரலன்னு நெனச்சேன்."

"தொண்டையில கட்டுப் போட்டவரு என்னத்தப் பதில் சொல்லுவாரு? பாட்டா பாடுவாரு?"

"இன்னொரு தடவ கூப்பிட்டுப் பாருங்க, ஒருவேள சரியா வந்துரும்" என்றார் முன் பெஞ்சில் ஒரு கால்கட்டுக்காரர்.

"வரலன்னா நீங்க போய்ப் புடிச்சிட்டு வருவீங்களா?"

கால்கட்டுக்காரர் தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

அக்கா சீட்டைப் பார்த்தார். ஐந்தெழுத்துப் பெயர், குறைந்தது எட்டு விதமாகச் சொல்லலாம். அதில் ஒன்று தரை, மீதி ஏழும் வானம். துணைக்கு வந்தவர் என்ற இடத்தில் வெறும் கோடு. சாரம் கட்ட அரை நாளாகும். ஏணி சாத்தச் சுவர் வேண்டும், அவர் நிற்பதோ நடுக்கூடம். சத்தம் வராவிட்டாலும் அந்த மனிதரால் உதடு அசைக்க முடியும், ஆனால் கீழேயிருந்து பார்த்தால் தாடைதான் தெரிகிறது. அக்கா சீட்டின் பின்புறம் தன் பெயரை எழுதி அட்டெண்டரிடம் நீட்டிவிட்டு, சாவிக்காரருக்குக் கீழே ஒரு கை தூரம் தள்ளிப் போய் நின்றார்.

"இத அஞ்சு தடவ சத்தமாப் படி."

"இதெல்லாம் எனக்குச் சரியா வராதேக்கா."

"அதுக்குத்தான் உன்கிட்ட கொடுக்கறேன்."

அட்டெண்டருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் சீட்டைத் திருப்பி நீட்டினார். "அப்புறம் உங்கள யாருக்கா இறக்குவா?"

"அத அப்புறம் பாத்துக்கலாம். காத்து ஏறுது, படி."

அவர் படித்தார். ஐந்தும் ஐந்து விதமாகத் தப்பு.

மேலே சாவிக்காரர் கூரை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "பயப்படாதீங்க. சத்தம் வேணாம், வாய மட்டும் அசைங்க" என்றார் அக்கா. அவர் அசைத்தார். மூன்றாவது முறையில், தான் வல்லினம் என்று நினைத்த இடத்தில் நாக்கு பல்லைத் தொட்டும் தொடாமலும் திரும்புவதை அக்கா பார்த்துவிட்டார். கூப்பிட வாயெடுத்தபோது சாவிக்காரர் ஒரு கையை விட்டு, அக்காவைக் காட்டி, உங்கள் பெயர் எப்படி என்று விரலால் கேட்டார். கூரையோரத்தில் கேட்கிற கேள்வியா அது. ஆனாலும் அக்கா இரண்டு தரம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். சாவியின் பல்லைப் பார்க்கிற கண்ணால் அவர் அக்காவின் உதட்டைப் பார்த்தார். பிறகு அக்கா அவர் பெயரைக் கூப்பிட்டார். சாவிக்காரர் இறங்கினார், அக்கா அங்கேயே நின்றார்.

எட்டு மாதம் வராத கண்ணாடிக்காரர் அன்று மாலையே வந்தார். அக்காவைச் சுற்றிச் சாரம் கட்டி, பலகை போட்டுத் திரை கட்டி மறைத்தார்கள். மற்ற வசதிகளுக்கும் ஓர் ஏற்பாடு நடந்தது, அதை யாரும் விசாரிக்கவில்லை. மேலேயிருந்து கூப்பிட்டதில் கடைசிப் பெஞ்சு வரை நன்றாகவே கேட்டது. அட்டெண்டர் தினமும் சாப்பாட்டு இடைவேளையில் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய், கூடத்துக்குக் கேட்காத தூரத்தில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிப் பழகினார். சைக்கிள்கள்கூடச் சலித்துப்போயிருக்கும், நாக்கு வளையவில்லை. கூடத்தில் அக்காவின் பெயரை யாரும் முயன்று பார்க்கக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். இப்படி மூன்று மாதமும் நாலு நாளும் போயின.

ஐந்தாம் நாள் சாவிக்காரர் கட்டில்லாத கழுத்தோடு வந்து கூடத்தின் நடுவில் நின்றார். அறிவிப்பைக் காட்டி அட்டெண்டர் ஓடி வருவதற்குள், துருப்பிடித்த பூட்டுத் திறக்கிற மாதிரி ஒரு குரலில் அந்தப் பெயரைச் சொன்னார். மருத்துவர் பேசலாம் என்று அனுமதித்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். சைரன் அக்கா இறங்கினார். செருப்பு தரையில் பட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அக்கா முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "ஒம்பது வருஷமாச்சு. இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். சாவிக்காரர் சொன்னார். எதுவும் நடக்கவில்லை, அக்கா ஏற்கெனவே தரையில்தான் இருந்தார். மூன்றாவது தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது தினமும் காலை பத்து மணிக்கு, அக்கா பெஞ்சுகளைச் சுற்றி முடித்து அலமாரியோரம் வந்து நின்றதும், அட்டெண்டர் அந்தப் பெயரை ஒரு தரம் தப்பாகப் படிக்கிறார். மேல் தட்டுக் கோப்புகளை எடுக்க ஒரு முழம் உயரம் வசதியாக இருக்கிறது என்று அக்காவே வைத்த ஏற்பாடு. மாலை ஐந்து மணிக்குச் சாவிக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து இறக்கிவிட்டுப் போகிறார். வேலை அதிகமுள்ள நாட்களில் ஐந்தேகாலாகும்.