அழிக்க வேண்டிய குரல்

இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் மேட்டுத் தெருவில் இருக்கும் கீத் ஹான்லியின் வீட்டில் மாடியறைத் துணி அலமாரிதான் பாடும் இடம். தொங்கும் கம்பளிக் கோட்டுகள் எதிரொலியை அமுக்கிவிடும். அறுபத்தெட்டு வயதில் மனுஷர் தன் பெயரில் முதல் ஆல்பம் போடுகிறார். எண்பதுகளில் ஊரைக் கலக்கிய அவருடைய நியூ வேவ் இசைக்குழுவின் பாட்டெல்லாம் அவர் எழுதியதுதான். கைதட்டல் முழுக்கக் குழுவின் பாடகர் பாரிக்குப் போயிற்று.

ஒன்பது பாட்டும் தயார், குரல்தான் பாக்கி. எல்லாவற்றையும் கீத் ஒருமுறை பாடி வைத்திருந்தார். பாடகர் கேட்டு மெட்டைப் பிடித்துக்கொள்வதற்காகப் பாடுவது அது. பாடகரின் குரல் பதிவானதும் அதை அழித்துவிடுவார்கள். அந்தக் காலத்திலிருந்தே கீத்தின் குரலுக்கு அந்தத் தலையெழுத்துதான். சொந்தமாகப் பாட அவருக்குத் தைரியமில்லை. வீம்பை விட்டுப் பாரியைக் கூப்பிட்டார். பாரி பாடாவிட்டால் ஆல்பமே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்.

செவ்வாய் மத்தியானம் பாரி பிஸ்கட் பொட்டலத்தோடு வந்தார்.

"தொண்டை எப்படிப்பா இருக்கு?" என்றாள் கீத்தின் மனைவி மவ்ரீன்.

"துருப்பிடிச்சுக் கிடக்கு. டீயை ஊத்து, பார்ப்போம்."

மாடியில் கோட்டுகளுக்கு நடுவே பாரி ஹெட்ஃபோனோடு நின்றார். கீத் பாடி வைத்திருந்த பாட்டு காதில் ஓடி முடிந்தது. அவர் வாயே திறக்கவில்லை.

"என்னடா, வரி மறந்துபோச்சா?"

"இதை ஏற்கெனவே பாடியாச்சு, கீத்."

"அது சும்மா உனக்காகப் பாடினதுடா. அழிச்சிடுவேன்."

"அழிச்சே, கையை ஒடிச்சிடுவேன்." பாரி கட்டிலில் உட்கார்ந்தார். "அந்தக் காலத்துல அத்தனை பாட்டையும் நீ பாடினதைக் கேட்டு அப்படியே பாடினேன். நீ மூச்சு விட்ட இடத்துலதான் நானும் விட்டேன். குரல் உடையுற இடம் அழகுன்னு பத்திரிகையில எழுதினாங்களே, அது உன்னோடது."

கீத் அவர் முன்னால் வந்து நின்றார்.

"நாப்பது வருஷமா ஏன்டா சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீயே பாடியிருப்பே. நான் பஸ் ஓட்டப் போயிருப்பேன்."

அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. கீத் இரண்டையும் செய்யவில்லை. ஆல்பத்தின் அட்டைக்கு எழுதி வைத்திருந்த தாளை எடுத்தார். 'குரல்' என்பதற்கு நேரே இருந்த பாரியின் பெயரை அடித்தார். மெத்தைமேல் வைத்துத் தன் பெயரை எழுதப் போனபோது தாள் வழுக்கியது.

தாள் நகராமல் பாரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.