இரண்டு பத்துக்கு அழைத்தேன்

பிற்பகல் இரண்டு பத்து என்று எழுதிவிட்டுத்தான் பார்த்தாள், தேதி இருக்க வேண்டிய மூலையில் நேரம் உட்கார்ந்திருக்கிறது, அதற்குக் கீழே கை தன் போக்கில் நோயாளி நினைவோடு இருக்கிறார், மூச்சுத் திணறல் என்று வேறு எழுதிவிட்டது, பதினான்கு வருடம் ஒரே ஆஸ்பத்திரியில் வார்டுக் குறிப்பு எழுதிய கை, அதைப் போய் ராஜினாமாக் கடிதம் எழுது என்றால் அதற்கு என்ன தெரியும், செண்பகவல்லி அந்தத் தாளையும் மடித்து ஓரமாக வைத்தாள், இது மூன்றாவது. சனிக்கிழமை காலை பதினொரு மணி, தூத்துக்குடியில் மாடிமேல் ஓர் ஒற்றை அறை, கீழ்வீட்டில் மீன் பொரிக்கிற வாசனை, யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், சாயந்தரம் ஐந்து மணிக்குள் கடிதம் மேனேஜர் மேசைக்குப் போய்விட வேண்டும், போனால்தான் வேலையில் சேர்ந்த அன்று வாங்கி உள்ளே வைத்துக்கொண்ட நர்சிங் சான்றிதழ்கள் கைக்கு வரும், அவை இல்லாமல் நாற்பத்திரண்டு வயதில் வேறு எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க முடியாது. மேனேஜர் நல்லமாதிரியாகத்தான் சொன்னார், உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, பெரிசா ஒண்ணும் எழுத வேண்டாம் சிஸ்டர், சொந்தக் காரணங்களுக்காகன்னு ஒரு வரி போதும், அவள் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள், குடித்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த இரண்டு பத்து இன்னும் முடிந்தபாடில்லை, இப்போதும் அவள் ஆண்கள் வார்டில்தான் நிற்கிறாள், ஏழாம் கட்டிலில் தங்கப்பழம் ஐயா, பித்தப்பை ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், உப்பளத்தில் வெயிலோடு வெயிலாக வெந்த மனிதர், காலையில்தான் இட்லி கல்லாக இருக்கிறது என்று கேண்டீன்காரரை ஒரு பிடி பிடித்தார், திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறார், உதடு நீலம் பாரிக்கிறது, அவள் தலைமாட்டை உயர்த்துகிறாள், ஆக்ஸிஜன் வைக்கிறாள், டியூட்டி டாக்டருக்குப் போன் போடுகிறாள், வர்றேன் வைங்க என்கிறார், வரவில்லை, மறுபடி போடுகிறாள், மறுபடி, பிறகு எடுக்கவே இல்லை, முகமூடிக்குள்ளிருந்து ஐயா கேட்கிறார், ஏம்மா, டாக்டர் வாராராம்மா, அவள் சொல்கிறாள், மாடிப்படி ஏறிட்டாரு ஐயா, இந்தா வந்துட்டாரு, அவர் தலையாட்டினார், நம்பிவிட்டார், நம்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், டாக்டர் வந்தபோது மணி மூன்று இருபத்தைந்து, அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நடந்ததையெல்லாம் நேரம் போட்டு எழுதியவள் அந்தப் பொய்யை மட்டும் குறிப்பில் எழுதவில்லை, அப்படி எழுதுகிற வழக்கமும் இல்லை, அதுதான் இந்த இரண்டு மாதமாக உள்ளே கிடந்து அறுக்கிறது.

மறுநாளே அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதச் சொன்னார்கள், டாக்டரை அழைத்தது மூன்று பதினைந்துக்கு என்று, ஐயாவின் மகன் விவரம் கேட்டு நடக்கிறான், உங்களுக்கும் நல்லது என்றார்கள், முடியாது என்றாள், உரக்கக்கூடச் சொல்லவில்லை, அவள் மறுத்த பக்கத்தைக் கூட வேலை பார்க்கும் நர்ஸ் பியூலா எழுதிக் கையெழுத்துப் போட்டாள், பியூலாவும் அன்று அதே வார்டில்தான் இருந்தாள், ஒன்பது வருடமாக ஒரே மேசையில் டிபன் பாக்ஸைத் திறந்தவர்கள், பியூலாவின் நெத்திலிக் குழம்பில் பாதி எப்போதும் இவளுக்கு. பிறகு செண்பகவல்லியைப் போர்வை மடிக்கிற அறைக்கு மாற்றினார்கள், வார்டுப் பக்கம் வர வேண்டாம் என்றார்கள், தனியாகச் சாப்பிட்டாள், காரிடாரில் எதிரே வருகிற நர்ஸ் பிள்ளைகள் செல்போனைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள், காய்ச்சலுக்கு ஊசி போடக்கூட யாரும் கூப்பிடாத அறையில் பகல் எவ்வளவு நீளம் என்று அங்கேதான் தெரிந்தது, சில நேரம் போர்வை அடுக்கின்மேல் தங்கப்பழம் ஐயா கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார், வாசலைப் பார்த்தபடி, அவள் பேசமாட்டாள், என்ன பேசுவது, இந்தா வந்துட்டாரு என்றா.

போன் அடித்தது, பியூலாதான், இரண்டு மாதத்துக்குப் பிறகு. எழுதிட்டியளாக்கா என்றாள், இல்லை என்றாள் இவள், பியூலா மெதுவாகச் சொன்னாள், அவுக சொன்னதையே எழுதிருங்கக்கா, வேற எழுதினா சர்டிபிகேட்டு தர மாட்டாவ, நானும் மாட்டிக்கிடுவேன், பிள்ளைய ரெண்டும் படிக்குதுவக்கா. செண்பகவல்லிக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது, உன் பேரு இதுல வராது பியூலா என்று மட்டும் சொன்னாள், சாப்பிட்டியளா என்று கேட்பாள் என்று காத்திருந்தாள், பியூலா வைத்துவிட்டாள்.

நாலாவது தாளில் எழுத்து பிசகாமல் வந்தது, மேனேஜர் அவர்களுக்கு, சொந்தக் காரணங்களுக்காக என் பணியிலிருந்து, முத்து முத்தான எழுத்து, படித்துப் பார்த்தாள், பேனாவை மூடினாள், திறந்தாள். வார்டில் தப்பாக எழுதிவிட்டால் கிறுக்கி மறைக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடுதான், அடியில் என்ன இருந்தது என்று யாரும் படிக்கலாம், சொந்தக் காரணங்களுக்காக என்பதன்மேல் அப்படி ஒரு கோடு இழுத்தாள், நேராக, நிதானமாக, பக்கத்திலேயே எழுதினாள், டாக்டரை இரண்டு பத்துக்கு அழைத்தேன், அதை மாற்றி எழுத மறுத்தேன், அதனால் போகச் சொன்னார்கள், கை அதோடு நிற்கவில்லை, டாக்டர் படியேறிவிட்டார் என்று நோயாளியிடம் நான் சொன்னது பொய் என்றும் எழுதியது, இனி எந்த ஆஸ்பத்திரியும் கிடையாது என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது, பயமாக இருந்தது, ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். போட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள், தன் பெயருக்கு எதிரே வலது ஓரத்தில் இன்னொரு கோடு போட்டு வைத்திருக்கிறாள், ஷிப்ட் முடிந்து போகிறவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் வார்டைப் பொறுப்பேற்க வருகிறவர் கையெழுத்துப் போடுகிற கோடு, அவர் வந்து போடாமல் எந்த நர்ஸும் வார்டை விட்டுப் போகக் கூடாது, அறையைச் சுற்றிப் பார்த்தாள், ஒரு கட்டில், ஒரு நாற்காலி, மணி ஒன்றாகியிருந்தது, சாப்பிடவில்லை, யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தேதான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.